ஏஜென்சி போகும், வாடிக்கை நிற்கும்

வத்தல்மலையில் மளிகைக் கடை நடத்தும் நமக்கும் ஃபோர்டு காருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். உண்டு.

1904-ல் தொடங்கிய கனடா ஃபோர்டு கம்பெனிக்கே, பிரிட்டன் நீங்கலாக, பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் விற்கும் உரிமை இருந்தது. அதன் கிளையாக 1926-ல் இந்திய ஃபோர்டு கம்பெனி அமைந்தது. பாகங்கள் கப்பலில் வந்தன. இங்கே பூட்டி விற்றார்கள். வண்டியை இங்கேயே தயாரிக்கும் திட்டம் இல்லாதவர்களுக்கு இடமில்லை என்று 1953-ல் மத்திய அரசு முடிவு செய்தது. ஃபோர்டு கடையைக் கட்டியது.

1995-ல் மகிந்திராவுடன் கூட்டுச் சேர்ந்து திரும்பி வந்தது. மறைமலை நகரில் ஆலை எழுந்தது. 2021-ல், பத்தாண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று சொல்லி, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது.

இரண்டு முறையும் முடிவு எங்கோ எடுக்கப்பட்டது. வண்டி வாங்கியவருக்கு முகம் கொடுக்க வேண்டியவர் உள்ளூர் விற்பனையாளர்.

ஆகவே, ஒரே கம்பெனியின் ஏஜென்சியில் முதல் முழுவதையும் முடக்க வேண்டாம். விற்காத சரக்கைத் திரும்ப எடுப்பதாக எழுத்தில் வாங்குவோம். நம் மலைக் காப்பி, மிளகு, சாமைக்கும் அலமாரியில் இடம் தருவோம். கம்பெனி போனாலும், வாடிக்கையாளர் நம் கடைப்படிதான் ஏறுவார்.