லயத்து வீட்டில் வெள்ளித்திரை

ஒளி நேர்கோட்டில் செல்லும் தன்மையுடையது என்று மாணவச் செல்வங்கள் அறிவியல் பாடத்தில் கற்றிருப்பீர்கள். அந்த ஓர் உண்மையைத் துணையாகக் கொண்டு, இந்நாளில் கடைகளில் விற்கப்படும் புதுவகைப் படவீழ்த்தி ஒன்றைப் பற்றி இங்கே ஆராய்வோம். புரொஜெக்டர் என்றால்தான் பெற்றோர்க்கு உடனே விளங்கும். ஆகவே இரு சொற்களையும் கலந்தே வழங்குவோம்.

படம் காட்டும் கருவி நம் மக்களுக்குப் புதியதன்று. 1905ஆம் ஆண்டிலேயே இரயில்வே ஊழியரான சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒரு படவீழ்த்தியைத் திருச்சியில் விலைக்கு வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். மலாயாவில் 1946இல் மலாயாத் திரைப்படப் பிரிவு தோன்றியது. அதன் படங்களைச் சுமந்துகொண்டு நடமாடும் வண்டிகள் தோட்டத் திடல்களுக்கு வந்தன. வெள்ளைத் துணி கட்டப்படும். கருவி வெகு தொலைவில் நிற்கும். ஒளிக்கற்றையில் விட்டில்கள் பறக்கும். நடுவில் ஒருவர் எழுந்து நின்றால் கதாநாயகனின் முகத்தில் அவர் தலை நிழலாக விழும். பிறகு எழும் கூச்சலை நாம் இங்கு எழுத வேண்டியதில்லை!

அந்த நிழல் விழாமல் செய்வதே இப்புதிய கருவியின் சிறப்பு. இது சுவரோரமாக ஒரு தாழ்ந்த மேசையில் அமர்ந்து, வளைந்த ஆடியின் உதவியால் ஒளியைச் செங்குத்தாக மேல்நோக்கிச் சுவரில் வீசுகிறது. இதனை ‘அல்ட்ரா ஷார்ட் த்ரோ’ என்பர்; மிகக் குறுந்தொலைவுப் படவீழ்த்தி எனலாம். கருவிக்கும் திரைக்கும் உள்ள தொலைவைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் கிடைப்பது வீச்சு விகிதம். மூலைவிட்டம் 100 அங்குலமுள்ள படத்தின் அகலம் ஏறத்தாழ 221 செ.மீ. விகிதம் 1.5 உள்ள பழைய வகைக்கு 330 செ.மீ.க்கு மேல் இடம் வேண்டும். விகிதம் 0.25 உள்ள இதற்கோ 55 செ.மீ. போதும். சிறிய முன்னறை கொண்ட லயத்து வீடுகளுக்கு இது வரப்பிரசாதம் போலத் தோன்றும்.

சென்ற தீபாவளிக்கு முன் மாணவர் ஒருவரின் தந்தை எங்களிடம் வந்து, பிள்ளைகள் படம் பார்க்கவும் காற்பந்து விளையாட்டு ஆடவும் இதனை வாங்கலாமா என்று கேட்டார். நல்ல கருவியின் விலை பல ஆயிரம் ரிங்கிட். 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச மாத ஊதியமோ 1,700 ரிங்கிட். கணக்கிட்டால் சில மாத உழைப்பு முழுவதும் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும். ஆகவே அவருடன் சென்று வீட்டைப் பார்த்தோம்.

முதலில் சுவர். அது பலகைச் சுவர். ஒவ்வோர் இணைப்பிலும் மேடு பள்ளம். இங்கேதான் மாணவர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். படத்தின் மேல்விளிம்பு ஆடியிலிருந்து ஏறத்தாழ 160 செ.மீ. உயரத்தில் இருக்கிறது; கிடைத்தொலைவு 55 செ.மீ. மட்டுமே. 160ஐ 55ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3 வருகிறது. எனவே சுவர் அவ்விடத்தில் 1 செ.மீ. உள்வாங்கியிருந்தால், படம் ஏறத்தாழ 3 செ.மீ. மேலே இழுபடும். நேர்க்கோடு நெளியும், முகம் கோணும். கருவியை 1 செ.மீ. பின்னே தள்ளினாலோ படத்தின் அகலம் 4 செ.மீ. கூடிவிடும். தொங்கும் துணித்திரையும் காற்றில் அலைவதால் இதற்கு ஆகாது. விறைப்பாகச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய திரையே வேண்டும். மேலிருந்து விழும் விளக்கொளியை விழுங்கி, கீழிருந்து வரும் ஒளியை மட்டும் பார்ப்போரிடம் திருப்பும் நுண்வரித் திரைகளும் உண்டு. அவற்றின் விலை தனி. கடைக்காரர் கருவியின் விலையைச் சொல்லும்போது திரையை மறந்துவிடுவது வழக்கம். நாம் மறத்தல் கூடாது.

அடுத்தது ஒளியளவு. இதனை லூமென் என்னும் அலகால் அளப்பர். படத்தின் மூலைவிட்டத்தை இருமடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகும். அதே ஒளி பரவுவதால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும். மேலும், எந்தப் படவீழ்த்தியும் கருமையை வீச இயலாது. ஒளி படாத சுவரே கருமை. பகலில் சன்னல் திறந்திருந்தால் இரவுக் காட்சிகள் சாம்பல் பூத்து நிற்கும்.

விளையாட்டுக்கு வேறொரு கணக்கு. வினாடிக்கு 60 படங்கள் என்றால் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 17 மில்லிவினாடி. கருவி 100 மில்லிவினாடி தாமதித்தால், பொத்தானை அழுத்திய பின் ஆறு படங்கள் கழித்தே பந்து உதைபடும். ஆகவே ‘விளையாட்டு முறை’யில் தாமதம் எவ்வளவு என்று கேட்டறிய வேண்டும். கோணலை மின்னணு முறையில் நிமிர்த்தும் வசதியைப் பயன்படுத்தினால் பல கருவிகளில் தாமதம் கூடும்; படத்தின் நுட்பமும் ஓரளவு குறையும். மேசையைச் சரியாக வைப்பதே மேல்.

விளக்கு வகையினும் லேசர் வகை நெடுநாள் உழைக்கும். பெரும்பாலானவற்றுக்கு 20,000 மணி நேரம் என்பர். நாளொன்றுக்கு நான்கு மணி நேரமெனில் 13 ஆண்டுகளுக்கு மேல். ஆயினும் அந்நேரம் முடிகையில் ஒளி பாதியாகக் குறைந்திருக்கும் என்பதே அதன் பொருள். நம் மலையின் மூடுபனியும் ஈரமும் அதில் சேர்த்தி இல்லை. குளிர்ந்த கருவியை ஈரக்காற்றில் வைத்தால் ஆடியில் நீர்த்திவலை படியும். அது உலர்ந்த பின்னரே மின்சாரம் தர வேண்டும். பின்னல் துணி போர்த்தி அழகு பார்க்க விரும்பும் தாய்மார்கள், கருவி ஓடும்போது அதனை எடுத்துவிட வேண்டும்.

எங்களுக்குக் கவலை தந்தது வேறொன்று. அவ்வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இருந்தது. பழைய கருவி உயரத்தில் இருக்கும். இதுவோ குழந்தையின் மார்பளவில் நின்று ஒளியை மேல்நோக்கி வீசுகிறது. எட்டிப் பார்க்கும் கண்ணில் அது நேரே பாயும். யாரேனும் நெருங்கினால் ஒளியைத் தானே மங்கச் செய்யும் உணர்வி பல கருவிகளில் உண்டு. கடையிலேயே கையை நீட்டிச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னோம்.

முன்னறைச் சுவரை நாடாவால் அளந்தோம். கதவுக்கும் சாமி மேடைக்கும் இடையே 190 செ.மீ. மட்டுமே இருந்தது. 100 அங்குலப் படம் அங்கே நில்லாது, 177 செ.மீ. அகலமுள்ள 80 அங்குலப் படமே பொருந்தும். அந்த அளவுக்குத் தொலைக்காட்சிப் பெட்டியின் விலையையும் விசாரியுங்கள், பகலிலும் தெளிவாகத் தெரியும் என்றோம். தந்தை நாடாவைச் சுருட்டிக்கொண்டே, நான்கு குடும்பங்கள் கூட்டுப் போட்டுத் தோட்ட மண்டபத்தில் வைத்தால் எப்படி என்று வினவினார். மண்டபத்துச் சுவர் சிமெண்டுச் சுவர். மறுநாள் மாலை அதனையும் அளக்கச் சென்றோம்.