பாக்டீரியப் பிரிவைத் தடுக்கும் புரதம் எக்குடும்பத்தைச் சேர்ந்தது?

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் மாணவர்

பொட்டிப்புரத்திலிருந்து போடிக்கு ஏலக்காய் தரம் பிரிக்கச் செல்பவர் என் தாயார். "நீ காலேஜுல என்னத்தப் படிக்கிற?" என்று ஒருநாள் கேட்டார். "புரதங்களை இனம் பிரிப்பதைப் படிக்கிறோம்" என்றேன். "எத வச்சுப் பிரிப்பாங்க?" என்றார். அன்று எனக்கு விடை தெரியவில்லை. அவ்விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

பாக்டீரியா இரண்டாகப் பிரியும்போது, எப்டிஎஸ்-இசட் என்னும் புரத மூலக்கூறுகள் கோவையாக இணைந்து உயிரணுவின் நடுவே வளையம் அமைக்கின்றன. டி.என்.ஏ. சேதமுற்ற நேரத்தில் பிரிந்தால் சேய் உயிரணுக்களுக்குக் கேடு. எனவே ரெக்-ஏ என்னும் புரதம் சேதத்தை உணர்ந்து, லெக்ஸ்-ஏ என்னும் அடக்கிப் புரதம் தன்னைத்தானே அறுத்துக்கொள்ளத் தூண்டுகிறது. உடனே சுல்-ஏ என்னும் தடுப்புப் புரதம் உற்பத்தியாகி, எப்டிஎஸ்-இசட் கோவையாவதைத் தடுக்கிறது. பிரிய இயலாத உயிரணு நூல்போல் நீள்கிறது. பழுது நீங்கியதும் லான் என்னும் நொதி சுல்-ஏவைச் சிதைக்க, பிரிவு மீண்டும் தொடங்குகிறது.

இனி இதன் இனத்தைக் காண்போம். புரதத்தின் அமினோ அமிலத் தொடர் எவ்வாறெல்லாம் மடங்க இயலும் என்பதைக் கோணங்களின் வரைபடமாக 1963-இல் உலகிற்குத் தந்தவர்கள் சென்னைப் பல்கலைக் கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரன் குழுவினர் என்பது நமக்குப் பெருமை. மடிப்பை அடிப்படையாகக் கொண்டு வகுப்பு, மடிப்பு, பெருங்குடும்பம், குடும்பம் எனப் புரதங்களைப் பிரிக்கும் 'ஸ்காப்' முறை 1995-இல் கேம்பிரிட்ஜில் வெளியாயிற்று.

சூடோமோனாஸ் ஏருஜினோசா என்னும் பாக்டீரியத்தின் சுல்-ஏ வடிவம், எக்ஸ் கதிர்ப் படிகவியல் மூலம் 2003-இல் வெளியிடப்பட்டது. வியப்பு யாதெனில், அதன் மடிப்பு அதைத் தூண்டிய ரெக்-ஏவை ஒத்திருந்தது! எனவே ஆல்பா-பீட்டா வகுப்பில், ரெக்-ஏ இருக்கும் பெருங்குடும்பத்திலேயே, தனிக் குடும்பமாக அது வைக்கப்பட்டது. அப்பெருங்குடும்பத்தின் பொதுத் தொழில் ஏ.டி.பி. போன்றவற்றைப் பற்றிச் சிதைப்பது. சுல்-ஏ அத்தொழிலைச் செய்வதில்லை. குடும்பத் தொழிலை விட்டாலும் முகச்சாயல் மாறவில்லை எனலாம். மாறாக, பிரிவைத் தடுக்கும் மற்றொரு புரதமான மின்-சியின் ஒரு பகுதி, பீட்டா இழைகள் சுருண்ட முக்கோணத் தூண்போல் அமைந்தது. தொழில் ஒன்று, இனம் வேறு.

இதனால் நமக்கென்ன பயன் என்று நண்பர்கள் கேட்கலாம். சிப்ரோபிளாக்சசின் போன்ற மருந்துகள் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தியே கொல்கின்றன. அவ்வேளையில் இத்தற்காப்பு முறையால் சில பாக்டீரியாக்கள் பிழைத்துக்கொள்கின்றன. மருந்தை எதிர்க்கும் திரிபுகள் தோன்றவும் அது வழிவகுக்கிறது. தடுப்புப் புரதம் எங்கே பற்றுகிறது என்று அறிந்தால், புதிய மருந்துக்கு வழி தேடலாம்.

என் தாயாருக்கு இப்போது விடை சொல்லிவிட்டேன்: "வடிவத்த வச்சுத்தாம்மா." ஏலக்காயும் அப்படித்தானே என்றார். காய்ச்சல் விட்டதும் அவர் நிறுத்திவிட்ட மாத்திரைகள் அலமாரியில் மீதமிருந்தன. மருத்துவர் சொன்ன நாள்வரை ஏன் விழுங்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். நான் கற்ற கல்வி எங்கள் வீட்டில் பயன்பட்டது அன்றுதான்.