பைப்பின் முதுகில் உள்ள வரியைப் படித்தீர்களா?

தி.நகரில் நகை வாங்கப் போகிற சிலர் இப்போதெல்லாம் கடையில் உட்கார்ந்தபடியே போனை எடுக்கிறார்கள். நகையில் பொறித்திருக்கும் எச்.யு.ஐ.டி. எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பில் போடச் சொல்கிறார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அந்த ஆறு இலக்க எண் இல்லாத ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது என்பது விதி. நல்ல பழக்கம்தான். ஆனால் அதே செயலியில் வீட்டுக்கு வாங்கும் பிளாஸ்டிக் பைப்பையும் சோதிக்கலாம் என்பது உங்களுக்குத் தெரியுமா?

நகையில் ஏமாந்தால் அந்தப் பணத்தோடு போச்சு. சுவருக்குள் புதைத்த பைப்பில் ஏமாந்தால் அப்படி முடியாது. டைல்ஸை உடைக்க வேண்டும், கீழ் வீட்டுக்காரர் சீலிங்கில் ஈரம் இறங்கும், அசோசியேஷன் மீட்டிங்கில் சண்டை வரும். அந்த பைப்பில் வருவது குடிக்கிற தண்ணீர் என்பது இதற்கெல்லாம் மேலே.

மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு பக்கம் உள்ள பழைய அடுக்குமாடி வீடுகளில் இந்தப் பேச்சு இன்று அதிகம். அங்கே அன்று போட்டதெல்லாம் ஜி.ஐ. பைப். போர் தண்ணீரின் உப்பும் பெசன்ட் நகர்ப் பக்கத்துக் கடல் காற்றும் சேர்ந்து இரும்பைத் தின்றுவிட்டன. உள்ளே துரு படிந்து முக்கால் இன்ச் பைப் கால் இன்ச் ஆகிவிட்டது, ஷவரில் தண்ணீரே வருவதில்லை. மாற்ற வேண்டியதுதான். மாற்றும்போது பிளம்பர் கேட்கும் முதல் கேள்வி, "சார், எந்த பிராண்டு போடலாம்?" என்பது. அதற்கு முன்னால் நீங்கள் கேட்க வேண்டியது, "எந்த லைனுக்கு எந்த பைப்?"

எந்த லைனுக்கு எது?

கடையில் எல்லாவற்றுக்கும் பெயர் 'பி.வி.சி. பைப்'தான். உண்மையில் வீட்டுக்குள் குறைந்தது மூன்று ஜாதி இருக்கிறது.

சம்ப்பிலிருந்து மொட்டை மாடித் தொட்டிக்கு ஏறும் லைன், தொட்டியிலிருந்து இறங்கும் பச்சைத் தண்ணீர் லைன் இரண்டுக்கும் யு.பி.வி.சி. போதும். குடிநீருக்கான யு.பி.வி.சி. பைப்பின் இந்தியத் தர எண் ஐ.எஸ். 4985. இதில் ஆறு வகுப்புகள் உண்டு. முதல் வகுப்பு சதுர சென்டிமீட்டருக்கு 2.5 கிலோ அழுத்தம் தாங்கும், மூன்றாவது 6 கிலோ, ஐந்தாவது 10 கிலோ, ஆறாவது 12.5 கிலோ. பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம் ஏறக்குறைய ஒரு கிலோ. அப்படியென்றால் மூன்று மாடி வீட்டுக்கு இரண்டு கிலோ தாண்டாதே, மெல்லிய பைப்பே போதாதா என்று தோன்றும். போதாது. மோட்டார் நிற்கும்போதும் குழாயைப் பட்டென்று மூடும்போதும் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் பைப்பை ஓங்கி அடிக்கும். 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்டிருப்பீர்களே, அதுதான். அந்த அடி சாதாரண அழுத்தத்தைப் போல் பல மடங்கு. வெயிலில் பைப் சூடாகும்போது அதன் தாங்கும் திறனும் குறையும். மோட்டார் லைனுக்கு 10 கிலோ வகுப்புக்குக் கீழே போகாதீர்கள்.

கீசரிலிருந்து வரும் வெந்நீருக்கு யு.பி.வி.சி. கூடவே கூடாது. சூட்டில் இளகித் தொங்கிவிடும். அதற்கு சி.பி.வி.சி. வேண்டும். அதுவும் பி.வி.சி.தான், குளோரின் கூடுதலாக ஏற்றியது. அதன் தர எண் ஐ.எஸ். 15778. 82 டிகிரி செல்சியஸ் வரைக்கும் அதற்கு அழுத்த அளவு கொடுத்திருக்கிறார்கள். இந்த பைப்பில் 'எஸ்.டி.ஆர். 11' அல்லது 'எஸ்.டி.ஆர். 13.5' என்று இருக்கும். பெரிய எண் என்றால் கெட்டியான பைப் என்று நினைத்து 13.5 வாங்குகிறவர்கள் உண்டு. விஷயம் நேர் தலைகீழ். பைப்பின் வெளி விட்டத்தைச் சுவரின் தடிமனால் வகுத்தால் வருவதுதான் எஸ்.டி.ஆர். எண் சின்னதாக இருந்தால் சுவர் கெட்டி. முக்கால் இன்ச் சி.பி.வி.சி.யின் வெளி விட்டம் 22.2 மி.மீ. அதை 11-ஆல் வகுத்துப் பாருங்கள், 2 மி.மீ. வருகிறது. சுவருக்குள் புதைக்கிற வெந்நீர் லைனுக்கு 11 எடுங்கள்.

கழிவுநீருக்கும் மழைநீருக்கும் எஸ்.டபிள்யூ.ஆர். பைப், தர எண் ஐ.எஸ். 13592. இதில் 'டைப் ஏ', 'டைப் பி' என்று இரண்டு. ஏ மழைநீருக்கும் காற்றுக் குழாய்க்கும், பி கழிவறைக்கும் சமையலறைக் கழிவுக்கும். 110 மி.மீ. பைப்பில் ஏ-யின் சுவர் 2.2 மி.மீ., பி-யின் சுவர் 3.2 மி.மீ. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. விலை குறைவு என்று கழிவறை லைனுக்கு ஏ போட்டுவிட்டுப் போகிற வேலை நடக்கத்தான் செய்கிறது.

நிறத்தை வைத்துச் சொல்லலாமே என்பீர்கள். வெள்ளை, சாம்பல், சந்தன நிறம் எல்லாம் வழக்கம்தான், சாட்சி அல்ல. எந்த நிறத்தையும் யாரும் பைப்பில் கலக்கலாம்.

அந்த ஒரு வரி

சாட்சி, பைப்பின் நீளத்துக்கு அச்சடித்திருக்கும் வரி. தயாரிப்பாளர் பெயர், தர எண், அளவு, வகுப்பு அல்லது எஸ்.டி.ஆர். அல்லது டைப், பேட்ச் எண் எல்லாம் அதில் இருக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு மேலே தர எண்ணும், கீழே 'சி.எம்./எல்.' என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். எழுத்து பொடியாக இருந்தால் போன் கேமராவில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

பி.ஐ.எஸ். கேர் செயலியைத் திறந்தால் உரிம விவரத்தைச் சரிபார்க்க ஒரு பகுதி இருக்கிறது. அந்த சி.எம்./எல். எண்ணைப் போடுங்கள். யாருக்குக் கொடுத்த உரிமம், எந்த ஊர்த் தொழிற்சாலை, எந்தப் பொருளுக்கு, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று வரும். பைப்பில் உள்ள பெயரும் போனில் வரும் பெயரும் ஒன்றா? ஐ.எஸ். எண் ஒன்றா? முத்திரை அசலாக இருந்து உரிமம் வேறு பொருளுக்கு வாங்கியதாக இருந்தாலும் அது போலிதான். கடைக்காரர் முன்னாலேயே செய்யலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. பொருந்தவில்லை என்றால் அதே செயலியில் புகார் கொடுக்க வழி உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தென்மண்டல அலுவலகம் தரமணி சி.ஐ.டி. வளாகத்தில், அடையாறிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. பணத்தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எதற்கும் ஜி.எஸ்.டி. பில் கையில் இருக்க வேண்டும். "பில் வேணாம்னா கம்மி பண்ணித் தரேன்" என்பதற்கு மயங்கினால் பிறகு நிற்க இடமில்லை.

ஒரு விதிவிலக்கு சொல்லிவிடுகிறேன். இன்ச் அளவில் வரும் வெள்ளை யு.பி.வி.சி. பைப்புகளில் 'ஏ.எஸ்.டி.எம். டி 1785', 'ஷெட்யூல் 40', 'ஷெட்யூல் 80' என்று இருக்கும். இது அமெரிக்க அளவு முறை. அந்தத் தரத்துக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கிடையாது, ஆகவே செயலியில் தேடிப் பயனில்லை. டீலரிடம் தயாரிப்பாளரின் சோதனைச் சான்றைக் கேளுங்கள். மரை வெட்டி இணைக்கப் போவதென்றால் ஷெட்யூல் 80 மட்டுமே. 40-இல் மரை வெட்டினால் மிச்சமிருக்கும் சுவர் காகிதமாகிவிடும்.

முத்திரையைப் பற்றி இவ்வளவு சொல்வதற்கு ஒரு காரணம் ஈயம். பி.வி.சி.யைச் சூடாக்கிப் பைப்பாக இழுக்கும்போது அது சிதையாமலிருக்க நிலைநிறுத்தி ஒன்றைச் சேர்ப்பார்கள். பல ஆண்டுகளாக மலிவான நிலைநிறுத்தியாக இருந்தது ஈயச் சேர்மம். அது கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கசியலாம். குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் எந்த அளவிலும் நல்லதல்ல. இதைக் கட்டுப்படுத்த மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021-இல் தனி விதிகளையே கொண்டுவந்தது. ஈயம் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் குடிநீர் லைனில் பெயர் தெரியாத பைப் வேண்டாம் என்பது.

ஒட்டுவது கோந்து அல்ல

நல்ல பைப் வாங்கியாயிற்று. இனி கசிந்தால் அது பெரும்பாலும் ஜாயிண்டில்தான் கசியும். பிளம்பர் 'சொல்யூஷன்' என்று சொல்லும் சால்வென்ட் சிமெண்ட் நாம் நினைக்கிற மாதிரி கோந்து இல்லை. பைப்பின் வெளிப்புறத்தையும் எல்போவின் உட்புறத்தையும் அது கரைத்து இளக்குகிறது. இரண்டும் இளகிய நிலையில் சேர்ந்து, கரைப்பான் ஆவியானதும் ஒரே பிளாஸ்டிக்காக இறுகுகின்றன. கிட்டத்தட்ட வெல்டிங் மாதிரி. இது புரிந்துவிட்டால் பக்கத்தில் நின்று என்ன பார்க்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

பைப்பை நேராக வெட்ட வேண்டும். கட்டர் இல்லாமல் ஆக்ஸா பிளேடால் வெட்டினால் விளிம்பில் பிசிறு நிற்கும். அதை எடுக்காமல் சொருகினால் தடவிய சொல்யூஷனை அது வழித்துக்கொண்டு உள்ளே போய்விடும். ஈரமோ தூசியோ இருந்தால் பிளாஸ்டிக் கரையாது, எனவே துணியால் துடைக்க வேண்டும். தடவும் முன் ஒரு முறை சும்மா சொருகிப் பார்க்க வேண்டும். பாதி ஆழத்துக்கு அருகில் பைப் இறுக வேண்டும். கடைசி வரை லொடலொடவென்று போனால் பைப்பும் ஃபிட்டிங்கும் ஜோடி இல்லை. தடவியதும் கால் சுற்று திருப்பிக்கொண்டே முழு ஆழத்துக்குத் தள்ளி, அரை நிமிடம் கையை எடுக்காமல் பிடிக்க வேண்டும். விட்டால் பின்னுக்கு வந்துவிடும். வெளியே வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும்.

சி.பி.வி.சி.க்கு வேறு சொல்யூஷன், யு.பி.வி.சி.க்கு வேறு. "எல்லாம் ஒண்ணுதான் மேடம்" என்று சொன்னால் டப்பாவை வாங்கிப் படியுங்கள். ஜெல்லி மாதிரி கெட்டியான பழைய டப்பாவில் தின்னர் ஊற்றிக் கலக்குவதையும் அனுமதிக்காதீர்கள். சென்னை மே மாத மதியத்தில் மொட்டை மாடியில் வேலை நடந்தால், தடவிச் சொருகுவதற்குள் சொல்யூஷன் காய்ந்துவிடும். காலையிலேயே முடிக்கச் சொல்லுங்கள். அதன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும், பக்கத்தில் பீடி கூடாது. மூடிய குளியலறை என்றால் கதவு ஜன்னல் திறந்திருக்கட்டும்.

ஷவர், குழாய் மாட்டும் இடங்களில் பித்தளை மரை உள்ள ஃபிட்டிங் போடுங்கள். மரையில் டெஃப்லான் டேப் மட்டும். இரும்பு பைப் காலத்து நூலும் பெயிண்டும் சி.பி.வி.சி.க்கு எதிரி, எண்ணெய் பட்டால் அது நாளடைவில் வெடிப்பு விடும். கரையான் மருந்து அடிக்கும்போதும் இதே கவனம் வேண்டும்.

லைன் முடிந்ததும் பூச்சு வேலைக்கு அவசரப்படுத்துவார்கள். ஒரு நாள் காயட்டும். பிறகு முனைகளை எண்ட் கேப் போட்டு அடைத்து, கை பம்ப்பால் தண்ணீர் ஏற்றி, வழக்கமான அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு வைத்துச் சோதிக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் மீட்டர் முள் இறங்கக் கூடாது. காற்றடித்துச் சோதிப்பது ஆபத்து, பிளாஸ்டிக் பைப் காற்றழுத்தத்தில் உடைந்தால் சில்லுகள் பறக்கும்.

வெயில், சரிவு, மழை

பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, ஆனால் வெயிலில் வெளிறி நொறுங்கும். வெளிச்சுவரில் ஓடும் பைப்புக்குத் தண்ணீரில் கரையும் எமல்ஷன் பெயிண்ட் ஒரு கோட் அடித்துவிடுங்கள். சூட்டில் நீளவும் செய்யும். பத்து மீட்டர் நேர் பைப் 20 டிகிரி சூடேறினால் ஒன்றேகால் சென்டிமீட்டருக்கு மேல் நீளும். கிளாம்பை நெரித்து முறுக்கினால் அந்த நீட்சி எல்போவைத்தான் போய் இடிக்கும். ரப்பர் ரிங் வைத்த எஸ்.டபிள்யூ.ஆர். ஜாயிண்டில் முழுக்கத் தள்ளிவிட்டு ஒரு சென்டிமீட்டர் பின்னுக்கு இழுத்து வைப்பது இதற்காகத்தான்.

படுக்கையாக ஓடும் கழிவறை லைனுக்கு நாற்பதுக்கு ஒன்று சரிவு, அதாவது பத்தடிக்கு மூன்று இன்ச். குடிநீர் பைப்பும் கழிவுநீர் பைப்பும் ஒரே பள்ளத்தில் ஓடக் கூடாது. மாட வீதிச் சந்துகளில் இடமில்லை என்றால் குடிநீர் மேலே, கழிவு கீழே. குடிநீர் வாரிய இணைப்பில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சுவதும் இங்கேதான் வினையாகிறது. உறிஞ்சும்போது எங்கேயாவது ஒரு ஜாயிண்ட் வாய் திறந்திருந்தால், பக்கத்துச் சாக்கடைதான் உள்ளே வரும். அப்படிச் செய்வது விதிமீறலும்கூட. குடிநீர் கலங்கலாக வந்தால் வாரியத்தின் 1916-க்கு அழையுங்கள்.

மழைநீர் சேகரிப்பு 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. அன்று அவசரமாகப் போட்ட பைப்புகளில் பல இன்று வெடித்தோ அடைத்தோ நிற்கின்றன. ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழைக்கு சுமார் 930 லிட்டர் இறங்கும். மணிக்கு பத்து சென்டிமீட்டர் வேகத்தில் கொட்டும்போது ஒரு நாலு இன்ச் பைப் ஏறக்குறைய 450 சதுர அடியைத்தான் சமாளிக்கும். எனவே அந்த மாடிக்கு இரண்டு போதாது, மூன்றாவது வேண்டும். 2002-இல் மந்தைவெளியில் தொடங்கிய 'ரெயின் சென்டர்' பொதுமக்களுக்கு மாதிரிகளை வைத்து இதை விளக்குவதற்காகவே உருவானது. ஐப்பசிக்கு முன் ஒரு முறை மாடி வாயிலில் வலை இருக்கிறதா என்று ஏறிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. சுவரைப் பூசுவதற்கு முந்தின நாள், பைப் ஓடும் ஒவ்வொரு சுவரையும் இஞ்ச் டேப் பக்கத்தில் தெரியும்படி போனில் படம் எடுங்கள். தரையிலிருந்து எத்தனை அடி, மூலையிலிருந்து எத்தனை அடி என்று படத்தில் தெரிய வேண்டும். பில்லையும் பைப் முதுகு வரியின் படத்தையும் அதே ஆல்பத்தில் போட்டு, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்து டிவி மாட்ட டிரில் மெஷினோடு வருகிறவர், "இங்க பைப் போகுதா சார்?" என்று கேட்கும்போது காட்டலாம்.