லேத்துக்கு அனுப்பும் முன் ஹப்பைப் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கிவிடும். உங்கள் லோடு பிக்கப் பிரேக் மிதிக்கும்போது உதறுகிறது என்றால், தீபாவளி சவாரி முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். ஆனால் டிஸ்க்கை நேரே லேத் பட்டறைக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம். 'டிஸ்க் பெண்டு ஆயிடுச்சு, ஒரு தடவை கடைஞ்சா சரியாயிடும்' என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். கடைந்து மாட்டிய டிஸ்க் சில ஆயிரம் கிலோமீட்டரில் ஏன் மறுபடி உதறுகிறது என்பதற்கு அதில் விளக்கம் இல்லை.

உதறல் எங்கிருந்து வருகிறது என்பதை ஓட்டும்போதே ஓரளவு பிரித்துவிடலாம். பிரேக் தொடாமலே 70, 80 வேகத்தில் வண்டி ஆடினால் வீல் பேலன்சிங், டயர், புரொபெல்லர் ஷாஃப்ட் பக்கம் போங்கள். அது வேறு கதை. மிதிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் ஆடினால் பெரும்பாலும் முன் டிஸ்க். ஸ்டியரிங் சும்மா இருக்க, சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின் டிரம். சந்தேகம் தீர, காய்ந்த, ஆளில்லாத நேர் சாலையில் 30 வேகத்தில் ஹேண்ட் பிரேக் பட்டனை அமுக்கிப் பிடித்தபடி மெல்ல இழுங்கள். அது பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும் என்பதால், அப்போதும் அதிர்ந்தால் கோளாறு டிரம்மில்தான். ஈரச் சாலையில் இந்தச் சோதனை கூடாது, வண்டியின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

முன் டிஸ்க் என்று தெரிந்த பிறகுதான் விஷயமே ஆரம்பிக்கிறது. சூட்டில் டிஸ்க் வளைவது அபூர்வம். பெரும்பாலும் நடப்பது அதன் கனம் இடத்துக்கு இடம் மாறுவது. ஹப்பும் டிஸ்க்கும் சேரும் முகத்தில் துருப் பொருக்கு ஒன்று ஒட்டியிருக்கும். அல்லது பஞ்சர் போட்ட இடத்தில் ஏர் கன்னால் ஒரு நட்டை அதிகமாகவும் இன்னொன்றைக் குறைவாகவும் முடுக்கியிருப்பார்கள். டிஸ்க் லேசாகச் சாய்ந்து உட்காரும். ஹப் அருகே உள்ள சாய்வு விளிம்புக்குப் போகும்போது பெரிதாகிறது. 215/75 ஆர் 15 டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 450 முறை சுற்றும். பிரேக் மிதிக்காத நேரத்திலும் ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கின் அதே இடம் பேடில் உரசித் தேய்கிறது. 5,000 கிலோமீட்டரில் இது 20 லட்சம் உரசலைத் தாண்டிவிடும். பஞ்சர் போட்ட அன்றைக்கே உதறாமல் மாதங்கள் கழித்து உதறுவதால்தான் பழி டிஸ்க்கின் மேல் விழுகிறது.

'கடைந்தபோது சரியானதே' என்று கேட்கலாம். சரியாகத்தான் ஆகும், கனம் சமமாகிவிட்டதே. ஆனால் லேத்தில் டிஸ்க் உட்கார்ந்தது லேத்தின் முகத்தில், உங்கள் ஹப்பில் இல்லை. துருவோடு திரும்ப மாட்டினால் பழைய சாய்வு வந்துவிடும். மெலிந்த டிஸ்க் முன்பைவிடச் சீக்கிரம் சூடாகும் என்பது கூடுதல் நஷ்டம். 'பிரேக் பிடிக்கத்தானே செய்கிறது, உதறல்தானே' என்பது அடுத்த வாதம். காய்ந்த சாலையில் அது ஓரளவு செல்லும். ஈரத்தில் டயரின் பிடிமானம் குறைந்திருக்கும்போது, கனமான இடம் பேடுக்குள் வரும் நொடியில் சக்கரம் லாக் ஆகலாம். ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டியில், பாரத்தோடு, இது விளையாட்டல்ல.

ஆகவே டிஸ்க்கை எடுத்ததும் ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷாலும் எமரி தாளாலும் பளிச்சென்று தேய்க்கச் சொல்லுங்கள், டிஸ்க்கின் உள்முகத்தையும்தான். சில மாடல்களில் டிஸ்க் ஹப்போடு போல்ட் போட்டிருக்கும். அங்கே பேரிங் லூசையும் சேர்த்துப் பாருங்கள். காலிப்பர் பின்கள் கையால் தள்ளினால் நகர வேண்டும். மாட்டிய பிறகு, வண்டியிலேயே டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பாருங்கள்: ஆட்டம் பொதுவாக 0.1 மி.மீட்டருக்குள் அடங்க வேண்டும், மாடலுக்கான அளவு இன்னும் குறைவாகவும் இருக்கும். பட்டறையில் கேஜ் இல்லை என்பார்கள். லேத் பட்டறைகளில் பெரும்பாலும் இருக்கும். டிஸ்க்கை அங்கே அனுப்புவதற்குப் பதில் கேஜை இங்கே வரவழையுங்கள். ஆட்டம் அடங்கியும் கனம் ஒரே சீராக இல்லையென்றால் அப்போது கடையலாம், டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கனத்துக்கு மேல் மிச்சமிருந்தால் மட்டும். இல்லாவிட்டால் இரு பக்கமும் புதுசு.

ஊட்டியிலிருந்து காரட் ஏற்றி மேட்டுப்பாளையம் இறங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மலையிறங்கிய சூட்டோடு செக்போஸ்ட்டில் பெடலை அழுத்தியபடியே நிற்காதீர்கள். பேடின் பொருள் அந்த ஓரிடத்தில் டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும். இறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜினால் பிடியுங்கள், நின்றதும் சக்கரத்துக்குக் கல் கொடுத்துப் பெடலை விடுங்கள்.

வேலை முடிந்த அன்று நட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்சால் முடுக்கி, பாரம் ஏற்றாமல் 60-லிருந்து 20 வரை எட்டுப் பத்து முறை, முழுதாக நிறுத்தாமல், இடையில் ஆறவிட்டு மிதித்துப் பழக்குங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை இன்னொரு முறை சரிபாருங்கள். மழைக்காலத்தில் பஞ்சர் போடும் ஒவ்வொரு தடவையும் நட்டு முடுக்குவதற்கு இதே முறைதான்.