எளாவூரைத் தாண்டும் டூல்ஸ் பை

புதுவாயலில் பைக் ஏறும் ஃபிட்டர், எளாவூர் சோதனைச்சாவடி, ஆரம்பாக்கம், தடா என்று கடந்து, கத்தியும் கட்டரும் உள்ள டூல்ஸ் பையோடு ஆந்திராவிலுள்ள ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குப் போகிறார். மாநிலம் மாறினாலும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் மாறுவதில்லை. அது மத்தியச் சட்டம்.

2016 ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழிலுக்கென்றே செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் கட்டரை இடுப்பில் செருகிக்கொண்டு போனால் அந்த விலக்கை யார் நம்புவார்? உறையிட்டு, ஸ்பேனர், பிளேயரோடு பையின் அடியில் வைப்பதே சரி. கம்பெனி அடையாள அட்டையும் வேலைச் சீட்டும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

விமானம் என்றால் கணக்கே வேறு. கத்தி, ஸ்க்ரூ டிரைவர், ஸ்பேனர் எல்லாம் செக்-இன் பெட்டிக்குள். கார்ட்லெஸ் டிரில்லின் உதிரி லித்தியம் பேட்டரி மட்டும் நேர்மாறு: அது கைப்பையில்தான் வர வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான்.

இறங்கும் நாட்டின் சட்டத்தையும் கேட்டறிய வேண்டும். பிரிட்டனில் பொது இடத்தில் காரணம் சொல்லாமல் வைத்திருக்கக்கூடியது, அலகு 3 அங்குலத்துக்கு மிகாத, பூட்டிக்கொள்ளாத மடக்குக் கத்தி மட்டுமே.