தந்தையாகப் போகிறவரின் மகிழ்ச்சி

முதற்பிள்ளை உண்டாகியிருக்கிறது என்றதும் இளம் கணவர் வளையில் ஏணை கட்ட இடம் பார்க்கிறார். அயலெல்லாம் சொல்லி மகிழ்கிறார். இம்மகிழ்ச்சி நல்லதே. ஆனால் கிணற்றடியில் மனைவியின் கைக்குடத்தை அவர் வாங்கிக்கொள்கிறாரா என்றும் நாம் கேட்க வேண்டியுள்ளது.

8 வாரத்துக்குள் குடும்பநல மருத்துவமாதுவிடம் பதிவு செய்தல், கிளினிக் நாளில் கூடப் போதல், இரும்புச்சத்து மாத்திரையை நினைவூட்டல் ஆகியன கணவரின் பங்கு.

சுமார் 20ஆம் வாரத்தில் தாய் குழந்தையின் அசைவை உணர்வாள். பின்னர் அசைவு குறைந்தாலும், எப்போதாவது இரத்தம் போனாலும், கடுந்தலையிடியோ பார்வை மங்கலோ வந்தாலும், விடியட்டும் என்று காத்திராமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அதற்கு வாகனமும் பணமும் முன்னரே ஆயத்தமாயிருக்கட்டும்.

சிந்திப்போம்: நம் ஊரில் மனைவியோடு கிளினிக் செல்லும் கணவன்மார் எத்தனை பேர்? மற்றவர்களைத் தடுப்பது வேலையா, வெட்கமா?