நாஹா விமான நிலையத்தில் ஒக்கினாவாப் பண்டங்கள்

ஜப்பானின் தென்கோடியிலுள்ள ஒக்கினாவாத் தீவின் நுழைவாயிலான நாஹா விமான நிலையத்தில் தின்பண்டம் வாங்குவோர், பெட்டியின் அழகைவிட அதன் உட்பொருளை முதலில் கவனிப்பது நல்லது. ரியூக்கியூ மன்னராட்சிக் காலத்திலிருந்து வழங்கிவரும் 'சின்சுக்கோ' என்னும் மாவுப் பிஸ்கட்டில் மரபுப்படி பன்றிக்கொழுப்பு சேர்வதால், மரக்கறி உணவினர் கேட்டறிந்த பின்னரே அதை வாங்க வேண்டும். 'பெனி இமோ' எனப்படும் ஊதாநிறச் சர்க்கரைவள்ளிக்கிழங்கில் செய்த பணியாரங்களைத் தாராளமாக எடுத்துச் செல்லலாம் என்றாலும், கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டு பரவாதிருக்கும் பொருட்டு, பச்சைக் கிழங்கை ஜப்பானின் பிற பகுதிகளுக்குக் கொண்டுசெல்வதைப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது.

கரும்புச்சாற்றைக் காய்ச்சி இறுக்கிய, நம் வெல்லத்தை ஒத்த 'கொக்குதோ' எட்டுச் சிறுதீவுகளில் உற்பத்தியாகிறது. நெடுநாள் கெடாத, மரக்கறி உணவினர்க்கும் ஏற்ற இதுவே இங்குள்ளவற்றில் மிகச் சிறந்த பரிசு எனலாம். 'ககோ கொக்குதோ' என்று குறிப்பிடப்பட்டிருப்பின், அது வேறு சர்க்கரையும் கலந்தது.

'உமிபுதோ' என்னும் கடற்திராட்சைப் பாசி குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் வாடிச் சுருங்கிவிடுமாதலால், அதை அறை வெப்பத்திலேயே வைத்திருக்க வேண்டும்.

வீட்டுக் காவலுக்கென வைக்கப்படும் 'ஷீசா' சிங்கப் பொம்மைகள், வாய் திறந்ததும் மூடியதுமாக, பெரும்பாலும் இணையாகவே வைக்கப்படுகின்றன. ஆகவே இரண்டையும் சேர்த்தே வாங்குக.